ஒரே பெப்டைடு, மூன்று விதமான ஜெல்: தூண்டுதலை வேதியியலால் கட்டுப்படுத்துவது எப்படி? (புனைபெயர்களில் பேசுவோரின் உரையாடல்)

நாரிழை:
நான் ஜெல்லாக்கப் பார்ப்பது இரு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு: நாஃப்தாக்சி அசிட்டைல் முனை கொண்ட டைஃபீனைல்அலனின் (இனி நாஃப்-எஃப்எஃப்). அளவு மி.லி.க்கு 5 மி.கி. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச் 10.5-இல் தெளிவாகக் கரைகிறது. பிறகு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 4-க்கு இறக்குவது செய்முறை. ஒரே நாள், ஒரே கரைசல், மூன்று குப்பி. ஒன்றில் வெள்ளைக் கட்டிகள், ஒன்றில் நீர் பிரிந்து நிற்கும் ஜெல், ஒன்றில் பார்வைக்குத் தெளிவாக இருந்தும் சாய்த்தால் சரியும் ஜெல். மீள்விறைப்பு (ஜி பிரைம்) பத்து மடங்கு வரை வேறுபடுகிறது. தூய்மை 98 சதவீதம். பெப்டைடின் வரிசையை மாற்ற வேண்டுமா, செய்முறையை மாற்ற வேண்டுமா?

காடி:
வரிசையைத் தொட வேண்டாம். கோளாறு சொட்டில் இருக்கிறது.

0.1 மோலார் அமிலத்தின் பிஎச் 1. சொட்டு விழுந்த இடத்தில் கணநேரத்துக்கு அதே அமிலத்தன்மைதான் நிலவும். அந்த இடத்து கார்பாக்சிலேட் முனைகள் எல்லாம் ஒரேயடியாகப் புரோட்டான் ஏற்று மின்சுமை இழக்கின்றன. விலக்கு விசை போனதும் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள எடுக்கும் நேரம், கலக்கி அமிலத்தைப் பரப்ப எடுக்கும் நேரத்தை விடக் குறைவு. சொட்டைச் சுற்றி ஒரு ஜெல் தோல் உண்டாகிறது. அதற்குள் அமிலம் மிகுதி, வெளியே இன்னும் காரம். பிறகு எவ்வளவு கலக்கினாலும் தோல் கிழிந்து துண்டாகுமே தவிரக் கரைந்து சீராகாது. உங்கள் வெள்ளைக் கட்டி அதுதான். மூன்று குப்பிகளும் வேறுபடக் காரணம், சொட்டு விழுந்த வேகமும் கலக்கிய விதமும் மூன்றிலும் வேறு என்பதே.

அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றாதீர்கள். கரைசலுக்குள்ளேயே பிறக்க விடுங்கள். குளுக்கோனோ-டெல்டா-லாக்டோன் நீரில் வேகமாகக் கரையும், ஆனால் மெதுவாகத்தான் நீராற்பகுப்படைந்து குளுக்கோனிக் அமிலமாகும். கரைவதும் பரவுவதும் முதலில் முடிந்துவிடும். அமிலம் அதற்குப் பின், எல்லா இடத்திலும் ஒரே சீராக வரும்.

10 மி.லி.க்கு அளவு இது. நாஃப்-எஃப்எஃப் 50 மி.கி. (மூலக்கூறு நிறை 496.6, ஆகவே 0.101 மில்லிமோல்). 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1.01 மி.லி., அதாவது சரியாக ஒரு சமானம் (பெப்டைடின் ஒரு மோலுக்கு ஒரு மோல்). மீதி நீர் 8.99 மி.லி. மூடியை இறுக்கி இரவு முழுக்கக் காந்தக் கலக்கியில் விடுங்கள். காலையில் பிஎச் 10.5-க்குத் திருத்துங்கள். தனிக் குப்பியில் 16 மி.கி. லாக்டோனை எடை போட்டு வைத்து, அதன் மேல் 2 மி.லி. கரைசலை ஊற்றி, சில நொடிகள் மெல்லச் சுழற்றி, மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். அடுத்த நாள் வரை யாரும் அந்தக் குப்பியை அசைக்கக் கூடாது.

லாக்டோனை முன்கூட்டியே நீரில் கரைத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கூடாது. வைத்திருக்கும் நேரத்திலேயே அது அமிலமாகிக்கொண்டிருக்கும். ஊற்றும்போது மறுபடி சொட்டு அமிலக் கதைதான். பழைய புட்டியில் ஈரம் ஏறிய தூளும் அப்படியே.

தாங்கல்:
காடி சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் தொடக்கக் கரைசலைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். பிஎச் 10.5-இல் "தெளிவாகக் கரைந்தது" என்றால் தனித்தனி மூலக்கூறுகளாக மிதக்கிறது என்று பொருளில்லை. இந்தச் செறிவில் நாஃப்-எஃப்எஃப் புழு போன்ற நீண்ட மைசெல்களாக (மூலக்கூறுகள் தாமே கூடிய திரள்களாக) ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. பிஎச் இறங்கும்போது நாம் செய்வது அந்த மைசெல்களின் மின்சுமையைக் குறைத்து ஒன்றோடொன்று பின்ன விடுவது. ஆகவே தொடக்கக் கரைசலின் வரலாறு ஜெல்லில் தெரியும். ஒரு முறை சூடாக்கி ஆறவைத்த கரைசலின் பாகுத்தன்மை சூடாக்காததை விட அதிகம். இரண்டிலிருந்தும் ஒரே ஜெல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பிகேஏ (அமிலத் தொகுதிகளில் பாதி புரோட்டானை இழந்திருக்கும் பிஎச்) விஷயமும் இதையொட்டியதே. சாதாரண பெப்டைடின் கார்பாக்சில் முனைக்கு 3.5 என்று பாடநூல் சொல்லும். ஆனால் அந்த முனைகள் நாரிழையின் மேற்பரப்பில் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கும்போது, பக்கத்துப் பக்கத்தில் எதிர்மின்சுமையைத் தாங்குவது கடினம். புரோட்டானை விட்டுக்கொடுக்க அவை தயங்கும். அதனால் தோற்றப் பிகேஏ மேலே ஏறுகிறது. நாஃப்-எஃப்எஃப்-க்கு 6 அருகே. எஃப்மாக்-எஃப்எஃப்-க்கு (நாஃப்தலீன் முனைக்குப் பதில் எஃப்மாக் முனை கொண்ட அதே டைஃபீனைல்அலனின்) 2009-இல் வெளியான ஆய்வில் ஒன்றல்ல, இரண்டு மதிப்புகள் கிடைத்தன: 9.9, 5.7 அளவில். அதாவது எஃப்மாக்-எஃப்எஃப் பிஎச் 9-இலேயே நாரிழையாகத் தொடங்கிவிடும். "நடுநிலை பிஎச்-இல் கரைந்திருக்கும்" என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

மூடியை இறுக்கச் சொன்னது வெறும் ஒழுங்குக்காக அல்ல. திறந்து வைத்த காரக் கரைசல் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுத்து, கார்பனேட் தாங்கலாக (பிஎச் மாற்றத்தை எதிர்க்கும் கரைசலாக) மாறிவிடும். ஒரே அளவு லாக்டோனுக்கு இரண்டு வேறு பிஎச் வளைவு வருவதற்கு இது அடிக்கடி காரணம்.

நாரிழை:
நன்றி. இரண்டு கேள்விகள். எஃப்மாக்-எஃப்எஃப்-க்கும் இதே செய்முறை பொருந்துமா? இறுதி பிஎச் எவ்வளவில் நிற்கும்?

காடி:
எஃப்மாக் தொகுதி காரத்தில் உடையக்கூடியது. திண்ம நிலைத் தொகுப்பில் பைபெரிடீன் போட்டு நாம் நீக்குவதே அந்தப் பண்பை வைத்துத்தான். பிஎச் 10.5-க்கு மேல் இரவு முழுக்கக் கலக்கினால் டைபென்சோஃபல்வீன் பிரிய ஆரம்பிக்கும். அது தானே நீர்வெறுக்கும் பொருள், நாரிழைக்குள் புகுந்து எல்லாவற்றையும் குழப்பும். காரத்தில் நீண்ட நேரம் வைக்கும் எந்தச் சோதனைக்கும் நாஃப்தலீன் முனைதான் நம்பகமானது. எஃப்மாக் தான் வேண்டும் என்றால் கார நேரத்தைக் குறையுங்கள், அல்லது கரைப்பான் மாற்று முறைக்கு (கரிமக் கரைப்பானில் கரைத்து நீரால் நீர்ப்பது) போங்கள்.

இறுதி பிஎச்: மேலே சொன்ன 16 மி.கி. என்பது 4.5 சமானம். 3.5 அருகே நிற்கும். ஒரு சமானத்துக்குச் சற்று மேல், அதாவது மி.லி.க்கு 2 மி.கி. போட்டால் 4-க்கு மேலேயே நிற்கும், ஆனால் அங்கே போய்ச் சேர நேரம் அதிகமாகும். அளவு, வேகம் இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். வேகத்தை மட்டும் மாற்ற வேண்டுமானால் அளவைத் தொடாமல் வெப்பநிலையை மாற்றுங்கள்.

மென்ஜெல்:
கரைப்பான் மாற்று முறையை இரண்டாம் பட்சமாகப் பேசுவதை ஏற்க முடியவில்லை. எஃப்மாக்-எஃப்எஃப்-ஐ டிஎம்எஸ்ஓ-வில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) மி.லி.க்கு 100 மி.கி. கரைத்து, அதில் 50 மைக்ரோ லிட்டர் எடுத்து, 950 மைக்ரோ லிட்டர் நீரை ஒரே வீச்சில் ஊற்றினால் மி.லி.க்கு 5 மி.கி. ஜெல் சில நிமிடங்களில் கிடைக்கிறது. பிஎச் மீட்டர் வேண்டாம், இரவு காத்திருக்க வேண்டாம், காரச் சிதைவும் இல்லை.

அதில் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீர் பட்டதும் பால் போல வெளுக்கும். அது வீழ்படிவு அல்ல; பெப்டைடு மிகுந்த சிறு துளிகள் பிரிகின்றன. அடுத்த சில நிமிடங்களில் அந்தத் துளிகளிலிருந்து நாரிழைகள் கிளம்பி, துளிகள் தீர்ந்து, குப்பி விளிம்பிலிருந்து தெளிந்துகொண்டே வரும். தெளிவதற்குள் குப்பியைத் தட்டினால் அந்த வெண்மை அப்படியே உறைந்துபோகும்.

காடி:
முறை நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நீரை வேகமாக ஊற்றியவருக்கும் மெதுவாக ஊற்றியவருக்கும் வேறு ஜெல் வரும். நீரின் வெப்பநிலை, பிப்பெட் முனை எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதெல்லாம் கணக்கில் வரும். ஒருவர் கையில் மிகச் சீராக வரலாம். செய்முறைத் தாளை வைத்து இன்னொருவர் செய்தால் வராது. லாக்டோனில் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு வேதிவினை, கை அல்ல. அந்த வேறுபாட்டைத்தான் சொல்ல வருகிறேன். இன்னொன்று, மீதமிருக்கும் 5 சதவீத டிஎம்எஸ்ஓ ஜெல்லின் ஒரு பகுதியாகவே இருந்துவிடுகிறது.

டைஃபீனைல்அலனின் நானோகுழாய்களிலும் இதே பாடம் உண்டு. ரெக்கெஸ், காசிட் இருவரும் 2003-இல் காட்டியது: ஹெக்சாஃபுளோரோ ஐசோபுரொப்பனாலில் மி.லி.க்கு 100 மி.கி., பிறகு நீரில் மி.லி.க்கு 2 மி.கி. ஆக நீர்த்தல். அந்த மூலக் கரைசலை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டும். பழையதில் ஏற்கெனவே கருக்கள் (சேர்க்கை தொடங்கும் சிறு திரள்கள்) உண்டாகியிருந்தால் குழாய்களின் எண்ணிக்கையும் நீளமும் மாறிவிடும்.

மென்ஜெல்:
கை வேகம் பற்றிச் சொன்னது நியாயம். சிரிஞ்ச் பம்ப் வைத்து ஊற்றினால் அந்தக் குறை பெரிதும் தீரும். கரைப்பான் மாற்று ஜெல்லைச் சீராக்க வேதியியல் வழியும் ஒன்று உண்டு. ஜெல்லுக்குள் யூரியாவும் யூரியேஸ் நொதியும் மெத்தில் ஃபார்மேட்டும் முன்பே இருக்கட்டும். யூரியேஸ் அம்மோனியாவை உண்டாக்கி பிஎச்-ஐ ஏற்றும், ஜெல் அவிழும். பிறகு மெத்தில் ஃபார்மேட் மெதுவாக நீராற்பகுப்படைந்து ஃபார்மிக் அமிலம் தரும், ஜெல் மறுபடி கட்டும். இரண்டாவது முறை கட்டிய ஜெல் முதலாவதை விடச் சீராக இருக்கும், ஏனென்றால் இந்த முறை அதைக் கட்டியது கலக்கிய வேகம் அல்ல, வினையின் வேகம்.

மடிப்பு:
இவ்வளவு நேரமும் இரு அமினோ அமிலப் பெப்டைடுகளையே பேசுகிறோம். நீண்டவற்றில் வேறொரு குழி இருக்கிறது: எதிரயனி, அதாவது பெப்டைடின் மின்சுமையைச் சமன்செய்ய ஒட்டி நிற்கும் அயனி.

மேக்ஸ்-1 என்ற கொண்டை ஊசிப் பெப்டைடை எடுத்துக்கொள்ளுங்கள் (ஷ்னைடர், போச்சன் குழு, 2002). 20 அமினோ அமிலங்கள். வாலினும் லைசினும் மாறி மாறி வரும் இரண்டு கைகள். நடுவில் டி-புரோலின், எல்-புரோலின் திருப்பம். லைசின்களின் நேர்மின்சுமை ஒன்றையொன்று விலக்கும் வரை அது மடியாது. உப்பு சேர்த்து அந்த விலக்கை மறைத்தால் மடியும், மடிந்ததும் ஒருபக்கம் முழுக்க வாலின், மறுபக்கம் முழுக்க லைசின். வாலின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாரிழையாகும். மடிப்பும் சேர்க்கையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பதுதான் அந்த வடிவமைப்பின் அழகு. தூண்டுதல் இல்லாமல் அது சேரவே முடியாது.

இப்போது எடை. மேக்ஸ்-1-இன் நிறை 2230. எட்டு லைசின், ஒரு முனை அமீன், மொத்தம் ஒன்பது நேர்மின்சுமை. தொகுப்பு முடிந்து வரும் தூளில் ஒவ்வொன்றோடும் ஒரு டிரைஃபுளோரோ அசிட்டேட் அயனி. 9 × 114 = 1026. ஆக தூளில் பெப்டைடு 2230 / 3256, அதாவது 68 சதவீதம்தான். அதன் மேல் ஈரமும் இருக்கும். 10 மி.கி. எடை போட்டு 1 மி.லி.யில் கரைத்து "ஒரு சதவீத ஜெல்" என்று எழுதினால் உண்மையில் அது 0.68. சான்றிதழில் 98 சதவீதம் என்று இருப்பது நிறப்பிரிகைத் தூய்மை. உப்பையும் நீரையும் அது கணக்கில் எடுக்காது. ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் ஜெல் மாறினால் முதலில் நிகரப் பெப்டைடு அளவைக் கேட்டு வாங்குங்கள்.

டிரைஃபுளோரோ அசிட்டேட் தங்குவது செறிவுக் கணக்கை மட்டும் கெடுப்பதில்லை. கட்டறுந்த அமிலம் சிறிது மிஞ்சியிருந்தால் கரைசலின் பிஎச் நீங்கள் நினைத்ததை விடக் கீழே இருக்கும். 25 மில்லிமோலார் தாங்கல் அதைச் சமாளிக்காமல் போகலாம். அதைக் குளோரைடாக மாற்ற, 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறையவைத்து உலர்த்துங்கள், மூன்று முறை. அமிலத்தின் மோல் அளவு பெப்டைடின் மொத்த நேர்மின்சுமையை விட அதிகமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் அஸ்பார்டிக்–புரோலின் இணைப்பு இருந்தால் செறிவான அமிலம் கூடாது, அங்கேதான் சங்கிலி உடையும்.

ஒளிச்சுழல்:
மடிப்பு சொன்ன அதே அயனி அகச்சிவப்பு நிறமாலையிலும் ஏமாற்றும். டிரைஃபுளோரோ அசிட்டேட் 1673 செ.மீ.⁻¹ அருகே வலுவாக உறிஞ்சும். எதிரெதிர்த் திசைப் பீட்டா தாளுக்கு (அடுத்தடுத்த சங்கிலிகள் எதிர்த்திசையில் ஓடும் அடுக்கு) 1620–1630-இல் பெரிய முகடும், 1680–1695-இல் சிறிய முகடும் வர வேண்டும். அந்தச் சிறிய முகட்டைப் பார்த்துவிட்டதாக நினைத்து எதிரெதிர்த் திசை என்று முடிவு கட்டுவதில் பாதி, டிரைஃபுளோரோ அசிட்டேட்டைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும். குளோரைடாக மாற்றிவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். கனநீரில் செய்யுங்கள், ஏனென்றால் சாதாரண நீரின் வளைவு அதிர்வு 1640-இல் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். கனநீரில் பிஎச் மீட்டர் காட்டும் எண்ணோடு 0.4 கூட்டிக்கொள்ளுங்கள். லாக்டோனின் நீராற்பகுப்பும் கனநீரில் மெதுவாகும், ஆகவே சாதாரண நீரில் எடுத்த நேர வளைவை அதன் மேல் அப்படியே பொருத்த முடியாது.

வட்ட இருநிறத் தன்மை அளப்பவர்களுக்கு: ஜெல்லை நீர்த்து அளக்காதீர்கள், நீர்த்தால் அது வேறு பொருள். 0.1 மி.மீ. செல்லில் அப்படியே கட்ட விடுங்கள். அளந்ததும் செல்லை 90 பாகை திருப்பி மறுபடி அளங்கள். நிறமாலை மாறினால் நீங்கள் பார்ப்பது நாரிழைகள் ஒரு திசையில் அடுக்கியதால் வரும் நேர்கோட்டு இருநிறத் தன்மை. சோடியம் குளோரைடு 195 நானோமீட்டருக்குக் கீழே எல்லாவற்றையும் விழுங்கும். அயனி வலிமை வேண்டுமானால் சோடியம் ஃபுளோரைடு.

நாரிழை:
பிஎச், உப்பு, கரைப்பான் மூன்றும் கரைசல் முழுவதையும் மாற்றும் தூண்டுதல்கள். பெப்டைடுக்குள்ளேயே ஒரு பிணைப்பு மாறுவதால் சேர்க்கை தொடங்கும்படி செய்ய வழி உண்டா? பிஎச் 7.4-ஐ விட்டு விலகாமல்?

மடிப்பு:
உண்டு. உண்மையான சுகம் அங்கேதான்.

முதலாவது, ஆக்சிஜனிலிருந்து நைட்ரஜனுக்கு அசைல் தொகுதி தாவும் வினை. செரின் அல்லது திரியோனின் இருக்கும் இடத்தில் சங்கிலியை அமைடாகத் தொடராமல், அதன் பக்கத் தொகுதியின் ஆக்சிஜன் வழியே எஸ்டராகத் தொடருங்கள். அப்போது இரண்டு காரியம் நடக்கிறது: அந்த இடத்தில் முதுகெலும்பு வளைந்து ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக் குறைகிறது, கூடவே ஒரு அமீன் விடுபட்டு அமிலத்தில் நேர்மின்சுமை பெறுகிறது. இரண்டும் சேர்ந்து பீட்டா தாளைக் கெடுக்கின்றன. பெப்டைடு நன்றாகக் கரையும், தூய்மைப்படுத்த எளிது, அமிலத்தில் நாள்கணக்கில் நிற்கும். பிஎச் 7.4-க்குக் கொண்டுவந்தால் அமீன் புரோட்டானை இழந்து எஸ்டரைத் தாக்குகிறது, ஐந்து உறுப்பு வளையம் வழியே அசைல் தாவி, இயல்பான அமைடு முதுகெலும்பு சில நிமிடங்களில் உருவாகிவிடும். அல்சைமர் நோயோடு தொடர்புடைய, கையாளவே முடியாத 42 அமினோ அமிலப் பீட்டா அமைலாய்டைச் சேராத நிலையில் தொடங்கவைக்க இந்த உத்தி பயன்பட்டது. கவனிக்க வேண்டியது: தூய்மைப்படுத்தும் நீர்மத்தில் அமிலம் தீர்ந்தால் குழாயிலேயே தாவிவிடும். உலர்த்தும் வரை 0.1 சதவீத டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம் இருக்கட்டும்.

இரண்டாவது, பாஸ்பேட்டை நொதியால் வெட்டுதல். எஃப்மாக்-டைரோசின் பாஸ்பேட் கரையும். கார பாஸ்பட்டேஸ் பாஸ்பேட்டை எடுத்ததும் ஜெல்லாகும் (2004). நொதி அளவைக் கூட்டினால் கருக்கள் பெருகி நாரிழைகள் நெருங்கும். பாஸ்பேட் தாங்கலில் செய்தால் வினை இழுத்தடிக்கும், ஏனென்றால் விளைபொருளான பாஸ்பேட்டே அந்த நொதியைத் தடுக்கும். டிரிஸ் தாங்கல் எடுத்துக்கொள்ளுங்கள், ஈடிடிஏ சேர்க்காதீர்கள். நொதியின் துத்தநாகத்தை அது பறித்துக்கொள்ளும்.

ஒளியும் உண்டு: மேக்ஸ் வகையில் ஒரு சிஸ்டீனை நைட்ரோபென்சைல் தொகுதியால் மூடி, புற ஊதா ஒளியில் திறந்தார்கள் (2005). மேல் அடுக்கு ஒளியை உறிஞ்சிவிடுவதால் தடித்த மாதிரியில் மேலே ஜெல், அடியில் தண்ணீர் என்று நிற்கும். மெல்லிய படலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாங்கல்:
டைசல்ஃபைடை (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு) விட்டுவிட்டீர்களே. ஓட்டோ குழு 2010-இல் காட்டியது இந்தப் பேச்சுக்கு மிக நெருக்கம். கிளைசின்–லூசின்–லைசின்–லூசின்–லைசின் வால் கொண்ட ஒரு டைதயோலை (இரு கந்தக–ஹைட்ரஜன் தொகுதிகள் கொண்ட மூலக்கூறு) காற்றில் மெதுவாக ஆக்சிஜனேற்றினால் பல அளவு வளையங்கள் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருக்கும். குலுக்கினால் ஆறு மூலக்கூறு சேர்ந்த வளையம் வெல்கிறது. கலக்கினால் ஏழு சேர்ந்தது. நாரிழையாக அடுக்கத் தெரிந்த வளையம் தன்னையே பெருக்கிக்கொள்கிறது, நாரிழையை உடைக்கும் விசை புது முனைகளைத் தருகிறது. காந்தத் தண்டா, குலுக்கியா என்பது மூலக்கூறு எது என்பதையே தீர்மானித்த கதை. செய்முறைத் தாளில் "கலக்கவும்" என்று மட்டும் எழுதுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மென்ஜெல்:
அளவீட்டுக்கு ஒரு சொல். கட்டிய லாக்டோன் ஜெல்லைக் கரண்டியால் அள்ளி ரியோமீட்டர் (விறைப்பு அளக்கும் கருவி) தட்டில் வைத்தால், நீங்கள் அளப்பது உடைந்த ஜெல். நாஃப்-எஃப்எஃப் ஜெல் உடைந்தால் முழுதாக மீளாது. குப்பியிலேயே கட்டவிட்டு, சிறகு வடிவ முனையை இறக்கி அளங்கள். அல்லது தட்டிலேயே கட்டவிட்டு விளிம்பில் கனிம எண்ணெய் வளையம் இட்டு ஆவியாதலைத் தடுங்கள். மேக்ஸ் வகை வேறு மாதிரி: சிரிஞ்சில் அழுத்தும்போது ஓடி, வெளியே வந்ததும் மீளும். அதற்கு அள்ளி வைப்பது குற்றமில்லை.

நாரிழை:
இரண்டு முடிவு. செல்களுக்கு மேக்ஸ் வகை, இயக்கவியல் படிக்க நாஃப்-எஃப்எஃப். மேக்ஸ்-1-ஐக் கலக்கும் வரிசை என்ன? லாக்டோனுக்கு மாறியதும் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

மடிப்பு:
நிகர அளவைக் கணக்கில் எடுத்து, விரும்பும் செறிவின் இரு மடங்கில் பனிக்கட்டி மேல் வைத்த தூய நீரில் கரையுங்கள். குளிரில் நீர்வெறுப்பு விசை குறைவு, அவசரப்பட்டு மடியாது. அதே கன அளவு குளிர்ந்த தாங்கல்: 50 மில்லிமோலார், பிஎச் 7.4, சோடியம் குளோரைடு 300 மில்லிமோலார். மெல்ல ஒருமுறை மேலும் கீழும் இழுத்துக் கலந்து 37 பாகைக்கு மாற்றுங்கள். மேக்ஸ்-1 நிதானமாகக் கட்டும். அதற்குள் செல்கள் அடியில் படிந்துவிடும். 15-ஆவது லைசினை குளுட்டமிக் அமிலமாக மாற்றிய மேக்ஸ்-8 ஒரு நேர்மின்சுமையைக் குறைத்து ஓர் எதிர்மின்சுமையைச் சேர்ப்பதால் ஒரு நிமிடத்துக்குள் கட்டும், செல்கள் சீராகப் பரவி நிற்கும். செல்லுக்கு அதையே எடுங்கள்.

காடி:
லாக்டோனுக்கு: ஒரே தொடக்கக் கரைசலிலிருந்து ஐந்து குப்பி. நான்கில் ஜெல், ஐந்தாவதில் முதல் நொடியிலிருந்தே பிஎச் மின்முனை. கட்டிய ஜெல்லுக்குள் மின்முனையைப் பிறகு குத்தினால் எண் தப்பாக வரும், ஜெல்லும் கிழியும். அறை வெப்பநிலையை எழுதிவையுங்கள். நான்கு ஜெல்லின் ஜி பிரைம் ஒன்றோடொன்று நெருங்கியும், ஐந்தாவதின் வளைவு முந்தைய நாள் வளைவின் மேல் படிந்தும் இருந்தால் செய்முறை நிலைபெற்றுவிட்டது. வளைவு படியவில்லை என்றால் லாக்டோன் புட்டியைப் பாருங்கள். வளைவு படிந்தும் ஜெல் வேறுபட்டால் பிரச்சினை அமிலத்தில் இல்லை; இரவு கலக்கிய தொடக்கக் கரைசலில் இருக்கிறது.